மேக்னம் சுழல் துப்பாக்கிக்கான தற்காப்புத் தோட்டா

மேக்னம் சுழல் துப்பாக்கிக்கான தற்காப்புத் தோட்டா என்பது .357 மேக்னம், .44 மேக்னம் முதலிய உயர் அழுத்தத் தோட்டாக்களைச் சுடவல்ல சுழல் துப்பாக்கியில், தாக்குதலில் இருந்து உயிரைக் காக்கும் நோக்குடன் இடப்படும் தோட்டாவைக் குறிக்கும். ரிவால்வர் எனப் பரவலாக அறியப்படும் இத்துப்பாக்கியின் குழல் 6 அங்குலமோ (15 செ.மீ.) அதற்கு மேலோ இருப்பின் அது நீள்குழல் வகையாகக் கருதப்படுகிறது. பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவிலேயே இத்தெரிவு பெரிதும் பேசப்படுகிறது. ஒரே துப்பாக்கியில் வேகமும் எடையும் பெரிதும் வேறுபட்ட பல தோட்டாக்களைச் சுட இயலும் என்பதும், குழலின் நீளம் அவற்றின் செயற்பாட்டை மாற்றிவிடும் என்பதும் இத்தெரிவைச் சிக்கலாக்குகின்றன. மிகுந்த வேகமுடைய தோட்டாவே சிறந்தது என்ற பொதுவான எண்ணம் நீள்குழல் துப்பாக்கியைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொருந்துவதில்லை.

இக்கட்டுரையில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளைக் குறிக்கும். குழலில் இருந்து வெளியேறிப் பறக்கும் பகுதி மட்டுமே குண்டு எனப்படுகிறது. குண்டின் எடை கிரெயின் என்னும் அலகில் அளக்கப்படும். ஒரு கிரெயின் 0.0648 கிராமுக்குச் சமம்.

தோற்றம்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காவல்துறையினர் பயன்படுத்திய .38 ஸ்பெஷல் தோட்டா, தானுந்துகளின் தகட்டையும் அக்காலக் குண்டு தடுப்பு உடைகளையும் துளைக்கப் போதுமானதாக இருக்கவில்லை. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தின் டக்ளஸ் வெசன், பிலிப் ஷார்ப், எல்மர் கீத் ஆகியோரின் முயற்சிகளின் பயனாகவும் வின்செஸ்டர் நிறுவனத்தின் ஒத்துழைப்புடனும் 1935இல் .357 மேக்னம் வெளிவந்தது. மேக்னம் என்னும் பெயர் பெரிய அளவிலான மதுப் புட்டியின் பெயரில் இருந்து பெறப்பட்டதாகும்.

புதிய தோட்டாவின் கூடு .38 ஸ்பெஷலின் கூட்டைவிட 0.135 அங்குலம் நீளமாக அமைக்கப்பட்டது. கூடுதல் வெடிமருந்துக்கு இடம் தேடி இவ்வாறு செய்யப்படவில்லை. உயர் அழுத்தத் தோட்டாவை எவரும் தவறுதலாகப் பழைய .38 துப்பாக்கியில் இட்டுவிடக் கூடாது என்பதே முதன்மைக் காரணம். இரண்டின் குண்டுகளும் ஒரே விட்டம் உடையவை. எனவே .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் பாதுகாப்பாகச் சுடலாம். மறுதலையாகச் சுட இயலாது. .44 மேக்னம் துப்பாக்கிக்கும் .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கும் இடையே உள்ள உறவும் இத்தகையதே.

ஸ்மித் அன்ட் வெசன் தயாரித்த முதல் .357 துப்பாக்கி 8¾ அங்குலக் குழல் உடையது. அது அமெரிக்க நடுவண் புலனாய்வுப் பிரிவின் தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. அந்நீளக் குழலில் இருந்து 158 கிரெயின் குண்டு நொடிக்கு 1,500 அடிக்கு (457 மீட்டர்) மேற்பட்ட வேகத்தில் வெளியேறுவதாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஆகவே மேக்னம் தோட்டா பிறக்கும்போதே நீள்குழலுக்கு உரியதாகப் பிறந்தது எனலாம். இடுப்பில் அணிவதற்கு வசதியான 4 அங்குலக் குழல் பின்னர்தான் காவல்துறையில் பெருவழக்காயிற்று. நீள்குழல் வகைகள் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்குமாக நிலைத்தன.

அழுத்தமும் வேகமும்

அமெரிக்கச் சுடுகலத் தொழிலகங்களின் தர அமைப்பு .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு அழுத்தத்தை உச்ச வரம்பாக வைத்துள்ளது. சற்று வலுவூட்டப்பட்ட .38 ஸ்பெஷல் +பி வகைக்கு இது 20,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு. தயாரிப்பாளர்கள் 4 அங்குலச் சோதனைக் குழலுக்கு வெளியிடும் வழமையான அளவுகள் வருமாறு:

.38 ஸ்பெஷல் +பி, 158 கிரெயின் ஈயக் குண்டு: நொடிக்கு ஏறத்தாழ 890 அடி (271 மீட்டர்), ஆற்றல் ஏறத்தாழ 375 யூல்.
.357 மேக்னம், 158 கிரெயின்: நொடிக்கு 1,235 அடி (376 மீட்டர்), ஏறத்தாழ 725 யூல்.
.357 மேக்னம், 125 கிரெயின்: நொடிக்கு 1,450 அடி (442 மீட்டர்), ஏறத்தாழ 790 யூல்.
.44 மேக்னம், 240 கிரெயின்: நொடிக்கு 1,180 அடி (360 மீட்டர்), ஏறத்தாழ 1,005 யூல்.

குழல் நீளும்போது வெடிமருந்து வாயு குண்டைக் கூடுதல் தொலைவுக்குத் தள்ளுவதால் வேகம் உயர்கிறது. உயர்வு எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே அளவினதன்று. மெதுவாக எரியும் வெடிமருந்து மிகுதியாக இடப்பட்ட மேக்னம் தோட்டா, நீள்குழலில் அங்குலம் ஒன்றுக்குச் சில பத்து அடி வேகத்தைப் பெறுகிறது. குறைந்த அளவு வெடிமருந்து கொண்ட .38 ஸ்பெஷலின் ஆதாயம் இதனினும் குறைவு. உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய இடைவெளி வழியாக வாயு கசிவதும் உண்டு. இவ்விடைவெளி துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுபடுவதால், ஒரே நீளக் குழல் உடைய இரு துப்பாக்கிகள் ஒரே தோட்டாவை வெவ்வேறு வேகத்தில் சுடுவது இயல்பே. பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணை ஒரு வழிகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

குழிமுனைக் குண்டும் வேக எல்லையும்

தற்காப்புக்கு இன்று பெரிதும் விற்கப்படுவது குழிமுனைக் குண்டு ஆகும். முனையில் உள்ள குழிக்குள் நீர்த்தன்மையுள்ள திசு புகும்போது ஏற்படும் அழுத்தம் குண்டை வெளிப்புறமாக மலரச் செய்கிறது. மலர்ந்த குண்டின் விட்டம் கூடுகிறது. அதற்கேற்ப அது விரைவில் நின்றும் விடுகிறது. விரியும் குண்டுகளின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில், முனையில் உறை நீக்கிய துமுக்கிக் குண்டுகள் பிரித்தானியப் படைக்காகச் செய்யப்பட்டன. டம்டம் குண்டு என்ற பெயர் அதனால் வந்தது. 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் இத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. அத்தடை நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியது. காவல்துறையையும் தனியாரையும் அது கட்டுப்படுத்துவதில்லை.

ஒவ்வொரு குழிமுனைக் குண்டும் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள் சரியாக மலருமாறு வடிவமைக்கப்படுகிறது. எல்லைக்குக் கீழே அது மலராமல் சாதாரணக் குண்டு போலத் துளைத்துச் செல்லும். எல்லைக்கு மேலே மிக விரைவாக மலரும், அல்லது சிதறும். சிதறிய துண்டுகள் ஒவ்வொன்றும் இலேசானவை என்பதால் ஆழமாகச் செல்வதில்லை. நீள்குழலின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. 2 அங்குலக் குறுங்குழலுக்கெனக் குறைந்த வேகத்திலும் மலருமாறு செய்யப்பட்ட மென்மையான குண்டை 6 அல்லது 8 அங்குலக் குழலில் சுடும்போது, அது வடிவமைப்பாளர் எண்ணியதைவிட வெகுவேகமாகப் பறந்து, ஆழம் செல்லுமுன் நின்றுவிடக்கூடும். இதற்கு மாறாக, 158 கிரெயின் எடையுள்ள உறுதியான குழிமுனைக் குண்டு, குறுங்குழலில் மலராமல் போனாலும் நீள்குழலின் கூடுதல் வேகத்தில் ஒழுங்காக மலரக்கூடும். எனவே "குறுங்குழலுக்கு உரியது" எனக் குறிக்கப்பட்ட தோட்டாவை நீள்குழல் உடையவர் வாங்குவதில் பயனில்லை.

ஊடுருவல் ஆழம் பற்றிய ஆய்வு

1960களில் லீ ஜூராஸ் தொடங்கிய சூப்பர் வெல் நிறுவனம் இலேசான, வேகமான, உறையிட்ட குழிமுனைக் குண்டுகளைப் பரவலாக்கியது. இதனைத் தொடர்ந்து பெரிய நிறுவனங்களும் 125 கிரெயின் .357 தோட்டாக்களைத் தயாரித்தன. 1970களிலும் 1980களிலும் இவை அமெரிக்கக் காவல்துறையில் பெரும் புகழ் பெற்றன. இவான் மார்ஷல், எட்வின் சனோ ஆகியோர் 1992இல் வெளியிட்ட நூல், இத்தோட்டாவை ஒரே குண்டில் ஆளை நிறுத்துவதில் முதலிடத்தில் வைத்தது. தரவுகள் தெரிவு செய்யப்பட்ட முறை அறிவியலுக்கு ஒவ்வாதது எனக் காயவியல் ஆய்வாளர்கள் அந்நூலைக் கடுமையாக விமர்சித்தனர். ஆயினும் 125 கிரெயின் தோட்டாவின் புகழ் குறையவில்லை.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டை இத்துறையின் போக்கை மாற்றியது. நடுவண் புலனாய்வுப் பிரிவின் முகவர் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமுற்றனர். குற்றவாளிகளில் ஒருவரைச் சண்டையின் தொடக்கத்திலேயே தாக்கிய 9 மி.மீ. குழிமுனைக் குண்டு, கையைத் துளைத்து மார்புக்குள் சென்று, இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அவர் அதன் பின்னரும் தொடர்ந்து சுட்டார். சண்டையை முடித்து வைத்தவர் கையில் பலத்த காயமுற்றிருந்த முகவர் எட்மண்டோ மிரெலெஸ் ஆவார். அவர் இறுதியாகச் சுட்டது .357 மேக்னம் சுழல் துப்பாக்கியில். ஆனால் அதில் இருந்தவை .38 ஸ்பெஷல் +பி தோட்டாக்கள். மேக்னம் துப்பாக்கியில் மேக்னம் அல்லாத தோட்டாவை இடுவது அந்நாளில் அப்பிரிவின் வழக்கமாகவே இருந்தது.

இதன் பின்னர் 1989இல் அப்பிரிவு வெளியிட்ட அறிக்கை, கைத்துப்பாக்கிக் குண்டின் முதல் தேவை போதிய ஆழம் என்று கூறியது. துமுக்கியின் வேகத்தை எட்டாத கைத்துப்பாக்கிக் குண்டில், சுற்றுத் திசு கணநேரம் விரிந்து சுருங்குவதால் நம்பத்தக்க விளைவு ஏதும் இல்லை என்றும், குண்டு நேரடியாகத் துளைக்கும் பாதையே பொருட்படுத்தத்தக்கது என்றும் அவ்வறிக்கை விளக்கியது. மூளையோ தண்டுவடமோ தாக்கப்பட்டாலன்றி உடனடியாக ஒருவர் செயலிழப்பார் என்பதற்கு உறுதியில்லை. இதயம் சிதைந்த பின்னரும் 10 முதல் 15 நொடிகள் வரை விருப்பப்படி இயங்க மூளையில் உயிர்வளி எஞ்சியிருக்கும் என்பது அதன் குறிப்பிடத்தக்க முடிவுகளில் ஒன்று. திரைப்படங்களில் குண்டு பட்டவர் பின்னோக்கித் தூக்கியெறியப்படுவது வெறும் கற்பனையே.

படை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் வகுத்த முறைப்படி 10% ஜெலட்டின் கட்டியில் குண்டுகள் சோதிக்கப்படுகின்றன. நடுவண் புலனாய்வுப் பிரிவு 12 அங்குலத்தைக் (30 செ.மீ.) குறைந்த அளவு ஆழமாகவும், 18 அங்குலத்தை (46 செ.மீ.) மேல் எல்லையாகவும் கொண்டது. வெற்று ஜெலட்டின், தடித்த ஆடை, தகடு, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, தானுந்துக் கண்ணாடி ஆகியவற்றின் வழியே சுட்டுப் பார்ப்பது இச்சோதனையில் அடங்கும். வீட்டில் தற்காப்புக்கு வைத்திருப்பவருக்குக் கண்ணாடிச் சோதனை அத்துணை முதன்மையானதன்று; தடித்த ஆடைச் சோதனை முதன்மையானது. ஆடையின் நூல் குழியை அடைத்துவிட்டால் குண்டு மலராது.

வழக்கிலுள்ள வகைகள்

125 கிரெயின் முழுவேகத் தோட்டா: ஃபெடரல், ரெமிங்டன் முதலிய நிறுவனங்களின் இத்தோட்டா 4 அங்குலக் குழலிலேயே குண்டின் வேக எல்லையை நெருங்கிவிடுகிறது. நீள்குழலில் அது மேலும் வேகம் பெற்றுச் சிதறும் வாய்ப்பு கூடுகிறது. குழல்வாயில் எழும் தீப்பிழம்பும் ஓசையும் மிகுதி. குழலின் பின்முனையை அரிப்பதாகவும் இத்தோட்டா பெயர்பெற்றது. ஸ்மித் அன்ட் வெசனின் நடுத்தரச் சட்டக வகைகள் இதனால் சேதமுற்றதே, அந்நிறுவனம் 1980இல் சற்றுப் பெரிய எல் சட்டகத்தை அறிமுகப்படுத்தியதற்கு ஒரு காரணமாகும்.

158 கிரெயின் மேக்னம் குழிமுனைத் தோட்டா: நீள்குழலுக்கு இயல்பாகப் பொருந்துவது. எடை மிகுதியால் ஆழம் குறைவதில்லை. ஆனால் பழைய வடிவங்கள் சில, மானைச் சுடுவதற்கெனக் கெட்டியாகச் செய்யப்பட்டவை. அவை மனித உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடும். பின்னால் நிற்பவருக்கு அதனால் நேரும் தீங்கைச் சுட்டவரே பொறுப்பேற்க வேண்டும்.

நடுவேக மேக்னம் தோட்டா: பின்னுதைப்பைக் குறைக்கும் நோக்கில் வந்தவை. ரெமிங்டனின் கோல்டன் சேபர் 125 கிரெயின் தோட்டாவுக்குத் தயாரிப்பாளர் தரும் வேகம் நொடிக்கு 1,220 அடி (372 மீட்டர்). குழலின் நீளம் இதற்குச் சற்று வேகம் கூட்டினாலும், முழுவேகத் தோட்டாவின் அளவை எட்டச் செய்வதில்லை. 6 அங்குலக் குழலுக்கு இது சிறந்த நடுவழி எனக் கருத இடமுண்டு.

.38 ஸ்பெஷல் +பி, 158 கிரெயின் ஈயக் குழிமுனைத் தோட்டா: 1970களில் நடுவண் புலனாய்வுப் பிரிவு ஏற்றதால் அப்பிரிவின் பெயராலேயே அறியப்படுகிறது. உறையற்ற மென்மையான ஈயம் குறைந்த வேகத்திலும் மலரும். எடைமிகுந்த நீள்குழல் துப்பாக்கியில் இதன் உதைப்பு மிக எளிதாகத் தாங்கத்தக்கது. பழையது என்பதால் இதனைத் தள்ளிவிடுவது தவறு.

வார்ப்புக் கடின ஈயக் குண்டு: மலராத, 180 கிரெயினும் அதற்கு மேலும் எடையுள்ள குண்டுகள். அலாஸ்கா போன்ற இடங்களில் கரடியிடம் இருந்து காத்துக்கொள்ளப் பயன்படுபவை. தடித்த எலும்பையும் தசையையும் துளைப்பதே இவற்றின் நோக்கம். இவை குடியிருப்புப் பகுதிக்கு உரியவை அல்ல.

.44 மேக்னம் துப்பாக்கியைப் பொறுத்தவரை முடிவு இன்னும் எளிது. 1955இல் அறிமுகமான இத்தோட்டா பெருவிலங்கு வேட்டைக்கென உருவானது. 1971இல் வெளிவந்த "டர்ட்டி ஹாரி" திரைப்படம் இதனை உலகறியச் செய்தது. அடுத்து 1973இல் வந்த "மேக்னம் போர்ஸ்" படத்தில், தம் துப்பாக்கியில் இலேசான ஸ்பெஷல் தோட்டாவையே இடுவதாக அக்கதைமாந்தர் கூறும் இடம் பலர் நினைவில் நிற்பதில்லை. வின்செஸ்டரின் 200 கிரெயின் சில்வர்டிப் போன்ற .44 ஸ்பெஷல் தோட்டாக்கள் நொடிக்கு 900 அடி வேகத்தில் பறப்பவை. தற்காப்புக்கு இவையே போதுமானவை.

சுடுபவரின் கட்டுப்பாடு

1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹால் என்னும் இடத்தில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களில் கொல்லப்பட்டனர். அவர்களில் சிலர் .357 மேக்னம் துப்பாக்கி ஏந்தியிருந்தும், பயிற்சியில் அவர்கள் சுட்டது .38 ஸ்பெஷல் தோட்டாவே. பணியில் ஒன்றும் பயிற்சியில் வேறொன்றும் சுடும் வழக்கம் பின்னர் பெரும் குறையாகச் சுட்டப்பட்டது. தோட்டாவைத் தெரிவு செய்பவர் அதனையே போதிய எண்ணிக்கையில் சுட்டுப் பழக வேண்டும் என்ற நெறி இந்நிகழ்வுக்குப் பின் வலுப்பெற்றது. மேக்னம் தோட்டாவின் விலையும் உதைப்பும் இப்பழக்கத்துக்குத் தடையாக இருப்பின், குறைந்த வேகத் தோட்டாவைத் தெரிவதே அறிவுடைமை.

நீள்குழலுக்குச் சில நன்மைகள் உண்டு. முன்பின் குறிகளுக்கு இடையே தொலைவு கூடுவதால் குறிபார்த்தல் துல்லியமாகிறது. முன்பகுதியின் எடை, சுடும்போது குழல்வாய் மேலெழுவதைக் குறைக்கிறது. அதே நீளம் வீட்டின் குறுகிய நடைவழியிலும் கதவோரத்திலும் இடைஞ்சலாகிறது. எதிராளி குழலைப் பற்றித் திருப்பவும் ஏதுவாகிறது.

ஓசை பற்றிப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 140 டெசிபெல்லுக்கு மேற்பட்ட திடீர் ஓசை செவித்திறனை நிலையாகக் கெடுக்க வல்லது. மேக்னம் துப்பாக்கியின் ஓசை 160 டெசிபெல்லைத் தாண்டும். மூடிய அறையில் காதுக்காப்பு இன்றிச் சுட நேர்ந்தால் சுட்டவரும் உடனிருக்கும் குடும்பத்தினரும் பாதிக்கப்படுவர். இரவில் தீப்பிழம்பு கணநேரம் பார்வையை மறைக்கும். நீள்குழலில் வெடிமருந்து கூடுதலாக எரிந்து தீர்வதால் பிழம்பு சற்றுக் குறையும் என்றாலும், .38 ஸ்பெஷலின் அளவுக்கு அது குறைவதில்லை.

சோதித்தலும் பேணுதலும்

தெரிவு செய்த தோட்டா குறிப்பிட்ட துப்பாக்கியில் எங்கே படுகிறது என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய முடியும். எடை மிகுந்து வேகம் குறைந்த குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருப்பதால், உதைப்பில் குழல் எழும்போது வெளியேறி இலக்கின் மேற்பகுதியில் படும். 125 கிரெயினுக்குச் சரிசெய்த குறி 158 கிரெயினுக்குப் பொருந்தாது. நீள்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் குறியைத் திருகித் திருத்த இயலும் என்பது ஒரு வசதி.

வலிய மேக்னம் தோட்டாக்களில், சுடும் அதிர்ச்சியால் உருளையில் எஞ்சியுள்ள தோட்டாக்களின் குண்டு கூட்டில் இருந்து முன்னோக்கி நகர்வது உண்டு. அது உருளையின் முன்புறம் நீண்டுவிட்டால் உருளை சுழலாமல் நின்றுவிடும். ஐந்தைச் சுட்டு, ஆறாவது தோட்டாவின் நீளத்தை முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவது இதனைக் கண்டறியும் எளிய முறை. விசையை மென்மையாக்கும் பொருட்டுச் சுத்தியலின் சுருள்வில் மாற்றப்பட்ட துப்பாக்கியில், கடினமான எரியூட்டி சில வேளைகளில் பற்றாமல் போகும். தற்காப்புக்கு உரிய துப்பாக்கியில் இம்மாற்றம் தவிர்க்கத்தக்கது.

.357 அறையில் .38 தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், குட்டையான கூட்டின் முன்விளிம்பு நிற்கும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். தூய்மை செய்யாமல் விட்டால் பின்னர் நீளமான மேக்னம் தோட்டா அறைக்குள் முழுதாக நுழையாது. சுட்ட கூடும் எளிதில் வெளிவராது. மலிவான .38இல் பயிற்சி பெற்று மேக்னத்தை இட்டு வைப்போர் இதில் கவனமாக இருத்தல் வேண்டும்.

சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் தோட்டா வகைகளைப் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நியூ செர்சியில் குழிமுனைக் குண்டுகளை வீட்டில் வைத்திருக்கலாம். வெளியே எடுத்துச் செல்வதற்குச் சட்டம் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. அங்கு வாழ்வோரிடையே, முனைக் குழியை மென்பொருளால் நிரப்பிய விரியும் குண்டுகள் பற்றிய நாட்டம் மிகுந்ததற்கு இதுவே காரணம். எந்த மாநிலத்திலும், சுட்டது தற்காப்புக்காகவா என்பதை முடிவு செய்யும்போது முதலில் ஆராயப்படுவது உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததா என்பதே. ஆயினும் வீட்டில் தாமே கூட்டில் வெடிமருந்து நிரப்பிய தோட்டாவைத் தற்காப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் எனப் பயிற்சியாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். தொழிற்சாலைத் தோட்டாவின் அளவுகளைத் தயாரிப்பாளரிடம் இருந்து பெற்று, எவ்வளவு தொலைவில் இருந்து சுடப்பட்டது என்பதைத் தடயவியலார் உறுதிப்படுத்த இயலும். தனியொருவர் நிரப்பிய தோட்டாவுக்கு அவரது சொந்தக் குறிப்பேட்டைத் தவிர வேறு சான்று இராது.

வீட்டில் குழந்தைகள் இருப்பின் துப்பாக்கியையும் தோட்டாவையும் பூட்டி வைப்பது பல மாநிலங்களில் சட்டப்படியான கடமையாகும்.